அடுக்களையும் ஒரு கல்விக்கூடமே

கல்லூரியொன்று விழாக் காணுங்கால், அது ஆக்கித் தந்த வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் நியாயவாதிகளையும் ஆசிரியர்களையும் எண்ணிப் பெருமிதங் கொள்ளுதல் இயல்பே. அப்பெருமிதத்தில் எமக்கும் பங்குண்டு. ஆயினும், அன்னார் கல்லூரி வாயிலைக் கடந்து வெளியூர் சென்ற முதற்கிழமையில் எதனை உண்டனர், அதனை ஆக்கினவர் யார் என்னும் வினாவை விழா மலர்கள் எழுப்புவதில்லை. யாம் அவ்வினாவையே ஈண்டு எழுப்ப விரும்புகின்றோம்.

பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் செல்லும் மாணாக்கராயினுஞ் சரி, இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் செல்வோராயினுஞ் சரி, 13 ஆண்டுகள் கற்றுத் தேறியவர்கள். குழாயியினால் 25 மில்லிலீற்றர் கரைசலைத் துளி பிசகாது அளக்கும் அவர்தங் கை, உலைக்கு நீர் அளக்கத் தடுமாறுகின்றது. விளைவு யாது? காலையிற் பாண், மதியம் கடைச் சோற்றுப் பொதி, இரவிற் கொத்துரொட்டி. உப்பும் எண்ணெயும் மிக்கு, கீரையும் காயும் அருகிய இவ்வுணவு, பெற்றோர் அனுப்பும் பணத்தையும் இளமையின் உடல் நலத்தையும் ஒருங்கே கரைக்கின்றது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் எம்மவர் இல்லங்களிற் பெருகிவிட்ட இந்நாளிலே இதனைச் சிறு குறையெனத் தள்ளுதல் தகாது.

இன்னுமோர் இழப்பும் உண்டு. விடுதியிற் சைவ போசனம் உண்டு வளர்ந்த பிள்ளை, பிறநாடு சென்ற சில திங்களில் அந்நெறியைக் கைவிடுகின்றான். ஆராய்ந்து கொள்கை மாறினானாயின் அஃது அவன் உரிமை. பலர் மாறுவது அவ்வாறன்று. ஒரு பருப்புக்கறி ஆக்கத் தெரியாமையினாலேயே மாறுகின்றனர். நெறியைப் போதித்த யாம், அந்நெறியில் நிற்றற்கு வேண்டிய கைத்திறனைப் போதித்தோமா?

“சமையல் பெண்டிர் தொழிலன்றோ?” எனச் சிலர் வினவுவர். கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் ஆக்குபவர் யார்? கலியாண வீட்டிற் பெருங்கிடாரத்தின் முன் நிற்பவர் யார்? சாப்பாட்டுக் கடைகளில் அடுப்படியில் வேகின்றவர் யார்? பெரும்பாலும் ஆடவரே. தைப்பொங்கலன்று முற்றத்திற் பானை வைத்து அரிசியிடுபவரும் பல இல்லங்களிற் குடும்பத் தலைவரே. தேவர்க்காயினும் கூலிக்காயினும் ஆடவன் சமைத்தல் இழிவன்றாயின், தன் தாய்க்கும் தாரத்துக்கும் தனக்கும் சமைத்தல் மட்டும் எங்ஙனம் இழிவாகும்? வாகுகனாய் மறைந்து வாழ்ந்த நளனை அவன் ஆக்கிய உணவின் சுவைகொண்டே தமயந்தி அறிந்தாள் என்பது கதை. விராடன் மாளிகையில் அகப்பை பிடித்தமையால் வீமனது தோள்வலி குன்றவில்லை.

“கடையும் இயந்திரமும் இருக்க இது எதற்கு?” என்பர் வேறு சிலர். மின்சார அடுகலம் சோற்றை ஆக்கும், கறியை ஆக்காது. 2022ஆம் ஆண்டிலே நாட்டைப் பொருளாதார நெருக்கடி வருத்தியபோது, சமையல் வாயுவுக்கு மக்கள் நெடுவரிசையில் நின்றதையும் உணவுக் கடைகள் பல மூடப்பட்டதையும் யாம் மறத்தலாகாது. அந்நாளில் மூன்று கல்லும் சிறிது விறகும் கொண்டு சோறாக்கத் தெரிந்தவன் உண்டான். ஏனையோர் பிறர் கையை நோக்கி நின்றனர்.

முற்றிலும் அறியாத ஒருவன் எங்கே தொடங்குதல் வேண்டும்? பிரியாணியிலன்று, சோற்றிலே தொடங்குக. புழுங்கலரிசி ஒரு சுண்டு எடுத்து மும்முறை கழுவி, நீர் தாராளமாகக் கொதித்தபின் இடுக. நீர் மிகுந்தால் வடித்துவிடலாமாதலின், தொடங்குவோனுக்கு இம்முறையில் அளவு பிழைக்கும் அச்சமில்லை. ஒரு பருக்கையை விரலிடை நசுக்குக. நடுவில் வெண்பொட்டு இன்றி மசிந்தால் வடித்தற்குரிய பதம். வடித்த கஞ்சியைக் கொட்டிவிடல் வேண்டா. நீரிற் கரையும் உயிர்ச்சத்துக்களுட் சில அதனுள் இறங்கியிருக்கும். உப்பிட்டுப் பருகுக.

இரண்டாவது, மைசூர்ப் பருப்பு. இஃது ஊறவைக்க வேண்டாதது. இருபது நிமிட அளவில் அவிந்துவிடும். கழுவிய பருப்புடன் மஞ்சள், வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளி சேர்த்து, பருப்பின்மேல் இரண்டு விரலளவு நீர் நிற்க அவித்து, மசிந்தபின் உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்தல் போதும். உப்பைச் சிறிது சிறிதாக இட்டுச் சுவை பார்த்தல் வேண்டும். குறைந்த உப்பைக் கூட்டலாம், கூடியதைக் குறைத்தல் அரிது.

மூன்றாவது, சொதி. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் என்பவற்றை இரண்டாம் பாலில் அவித்தபின், முதற்பாலை விட்டு இடைவிடாது துழாவி, பொங்கி எழும் தறுவாயில் இறக்குதல் வேண்டும். தேசிப்புளியை அடுப்பிலிருந்து இறக்கியபின்னரே விடுக. கொதிக்கும் பாலிற் புளியை விட்டால் அதன் புரதந் திரிந்து சொதி பிரிந்துபோம். அமிலமும் வெப்பமும் புரதத்தை என்செய்யும் என்று விஞ்ஞான வகுப்பிற் கற்றவன், அதனை இங்கே கண்ணாற் காண்கின்றான்.

நான்காவது, முருங்கையிலை வறை. இலையை உருவி, கழுவி, தாளிதத்திலிட்டு, மூடாது வதக்கி, தேங்காய்ப்பூவும் உப்புஞ் சேர்த்து இறக்குக. கிழமைக்கு ஒன்றாக இந்நான்கினையும் பழகினால் ஒரு திங்களில் நிறைவான மதியபோசனம் கைவந்துவிடும். முதல் நாளிலேயே நான்கு அடுப்பையும் மூட்டுபவனே எதனையும் கருகவிடுவான்.

இவற்றோடு ஒரு காவலையும் கற்பித்தல் வேண்டும். சோற்றிலுள்ள சில நுண்ணங்கிகளின் வித்திகள் கொதியிலும் அழியா. ஆக்கிய சோற்றை நெடுநேரம் வெளியில் வைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும்; அந்நஞ்சு மீளச் சூடாக்கினும் நீங்காது. எனவே எஞ்சியதை விரைவில் ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். அறையில் தனித்து வாழும் மாணவனுக்கு இவ்வறிவு பரீட்சைப் புள்ளியினும் பெறுமதி வாய்ந்தது.

இனி, எமது வேண்டுகோள். மனைப்பொருளியல் க.பொ.த. சாதாரண தரப் பாடங்களுள் ஒன்றாயினும், எமது போன்ற ஆண்கள் கல்லூரிகளில் அதனைத் தெரிவார் அரியர். பரீட்சைப் பாடமாக அதனை யாவர்மேலும் சுமத்துமாறு யாம் கேட்கவில்லை. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வருமளவும் மாணாக்கர் ஓய்ந்திருக்கும் காலமொன்று உண்டு. அக்காலத்திலே விடுதி அடுக்களையை நான்கு கிழமைகளுக்கு, கிழமைக்கு ஒரு பொழுது, அவர்களுக்குத் திறந்துவிடுக. விடுதிச் சமையலாளரே ஆசிரியராக அமர்க. அன்று அவரை மாணாக்கர் ஆசிரியர்க்குரிய மரியாதையோடு வணங்குக. எத்தனையோ ஆண்டுகள் எம் பிள்ளைகளுக்கு அன்னமிட்ட கைகளுக்கு இக்கல்லூரி அளிக்கக்கூடிய சிறப்பு இதனினும் வேறொன்றில்லை.

பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு சொல். விழாவின் நினைவாக வளைவும் கல்வெட்டும் அமைப்பது நன்றே. அவற்றுக்காகும் செலவில் ஒரு சிறு பங்கு, இரண்டு அடுப்பும் சில பானைசட்டியும் துருவலையும் வாங்கப் போதும். வளைவின் கீழ் நடந்து செல்பவன் அதனை நிமிர்ந்து பார்ப்பதோடு சரி. சொதி வைக்கக் கற்றவனோ தன் வாழ்நாள் முழுதும் கல்லூரியை நினைப்பான்.

அவன் வீடு திரும்பும் நாளில் மற்றொன்றும் நிகழும். அடுப்பின் புகையில் கண் கரிக்க ஒரு பொழுதேனும் நின்றவன், தாய் பரிமாறிய கறியில் உப்புக் குறைந்ததெனக் கோப்பையைத் தள்ளிவிட மாட்டான். எழுந்து சென்று உப்பை எடுத்து வருவான். உண்டபின் கோப்பையையும் தானே கழுவுவான். ஒழுக்கம் பற்றி யாம் வகுப்பறையில் ஆற்றும் பேருரைகள் பல அவ்வளவு தூரம் செல்வதில்லை.