கட்டைவிரல் காணிக்கை!

கட்டைவிரலைக் காணிக்கையாகக் கொடு என்று கேட்டாராம் துரோணர். மறுபேச்சின்றி வெட்டி வைத்தானாம் ஏகலைவன். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. அடுக்குமா இந்த அநீதி என்று மேடையிலே முழங்குகிறோம். முழங்கிவிட்டு வீடு திரும்புகிறோம், பாயிலே படுக்கிறோம், கைப்பேசியை எடுக்கிறோம், நள்ளிரவு வரை அதே கட்டைவிரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே கிடக்கிறோம்!

ஏகலைவனிடம் ஒரே ஒருமுறைதான் கேட்டார்கள். நம்மிடம் நாள்தோறும் கேட்கிறார்கள். அவன், குரு என்று நம்பியவருக்குக் கொடுத்தான். நாமோ, முகமறியாத முதலாளிக்குக் கொடுக்கிறோம். அவன் வலியறிந்து கொடுத்தான். நாம் சிரித்துக்கொண்டே கொடுக்கிறோம். வேறுபாடு அவ்வளவே!

தோழர்களே! முகநூல், இன்ஸ்டாகிராம், எக்ஸ் போன்ற சந்தைகளை விட்டு வெளியேறி, எழுத்தும் மறுமொழியும் தவிர வேறு ஆரவாரம் இல்லாத பழைய வலைப்பதிவுக்குக் குடிபெயர்வோம் வாருங்கள் என்று அழைக்கவே இதனை எழுதுகிறோம். "பழமைக்குத் திரும்பு என்று பகுத்தறிவாளன் சொல்லலாமா?" என்று புருவத்தை நெரிக்க வேண்டா. பழையது என்பதற்காக நாம் எதையும் ஏற்பதில்லை. புதியது என்பதற்காக எதையும் வணங்குவதுமில்லை. பயன் என்ன? அந்தப் பயன் யாருக்கு? இந்த இரண்டு கேள்விகளைக் கோயிலிடமும் கேட்போம், கைப்பேசியிடமும் கேட்போம்.

நமக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். நண்பர்கள் எழுவர் சேர்ந்து ஒரு படிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். பெரிய நிறுவனம் ஒன்றின் தளத்தில் ஒரு பக்கம் அமைத்து, இரண்டாண்டுக் காலம் எழுதினோம். பேய், பில்லி, சூனியம், நல்ல நேரம், கெட்ட நேரம் என்று ஒன்றையும் விடவில்லை. மொத்தம் 61 கட்டுரைகள். நாகபஞ்சமியன்று புற்றுக்குப் பால் ஊற்றும் வழக்கத்தைக் கண்டித்து எழுதியது அவற்றுள் பெயர் பெற்றது. பாம்பு பால் குடித்து வாழும் உயிரன்று. மகுடியின் இசைக்கு அது மயங்குவதில்லை, அசையும் மகுடியைப் பார்த்தே தலையை ஆட்டுகிறது என்றெல்லாம் எழுதினோம். எழுதிய வேகத்தில், "பாம்பு முழுச் செவிடு, அதற்கு எந்த ஒலியும் கேளாது" என்றும் ஒரு வரி சேர்த்தோம். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கட்டைவிரலை உயர்த்தினர். "அருமை!" என்றனர், "சாட்டையடி!" என்றனர், கைகூப்பும் படங்களை அனுப்பினர். நாமும் மகிழ்ந்தோம். மறைப்பானேன், அன்றிரவு நாம் உறங்கவே இல்லை. எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே விழித்திருந்தோம்!

ஒருநாள் காலை அந்தப் பக்கம் பூட்டப்பட்டுக் கிடந்தது. "விதிகளை மீறிவிட்டீர்" என்று ஒரு வரி. எந்த விதி? எந்தக் கட்டுரை? எந்தச் சொல்? பதில் இல்லை. முறையிட்டோம், முன்பே அச்சடித்து வைத்ததுபோல் ஒரே மறுமொழி திரும்பத் திரும்ப வந்தது. கொலைக் குற்றவாளிக்கும் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டுகிறது நீதிமன்றம். இங்கே குற்றம் இன்னதென்று கூறாமலே தண்டனை! பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்த 17 கட்டுரைகள் மட்டும் தப்பின. மற்ற 44-ம் போயின.

வேறு வழியின்றித்தான் சிறியதொரு வலைப்பதிவுத் தளத்துக்குச் சென்றோம். வண்ணமில்லை, வாணவேடிக்கை இல்லை. எஞ்சிய கட்டுரைகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். முதல் மாதத்தில் படித்தவர்கள் 11 பேர். உள்ளம் சோர்ந்தது. பாம்புக் கட்டுரையை ஏற்றிய மூன்றாம் நாள் ஒரு மறுமொழி வந்தது. விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், நான்கு பத்தி எழுதியிருந்தார். "பால் பற்றி எழுதியது சரி. செவிடு என்றது தவறு. பாம்புக்குப் புறச்செவிதான் இல்லை; உட்செவி உண்டு. தரையின் அதிர்வு தாடை எலும்பின் வழியே அதனைச் சென்றடைகிறது. காற்றில் வரும் ஒலிக்கும் பாம்புகள் எதிர்வினை காட்டுவதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மூடநம்பிக்கையைச் சாடும் கட்டுரையில் பொய் இருக்கலாகாது, திருத்துக" என்பது அதன் கருத்து.

தலை குனிந்தோம், திருத்தினோம். எண்ணிப் பாருங்கள்! ஆயிரம் பேர் உயர்த்திய கட்டைவிரலில் ஒருவரும் அந்தப் பிழையைச் சுட்டவில்லை. பதினொரு பேரில் ஒருவர் சுட்டினார். ஆயிரம் பேரும் அறிவிலிகள் என்றா சொல்கிறோம்? அல்ல, அல்லவே அல்ல! அந்தப் பதினொருவரைவிட அறிவிற் சிறந்தோர் அந்த ஆயிரவரில் இருந்திருப்பர். ஆனால், நின்று படிக்கவோ, நினைத்துப் பார்க்கவோ, மறுத்து எழுதவோ அந்த இடம் அவர்களை விடவில்லை. கட்டைவிரலைக் கேட்டது, கருத்தைக் கேட்கவில்லை.

ஏன் விடவில்லை? அந்தச் சந்தையின் கணக்கைப் பார்த்தால் புரியும். முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு 2023-ஆம் ஆண்டு வந்த வருவாய் ஏறத்தாழ 13,490 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 13,190 கோடி விளம்பரத்தால் வந்தது. நாம் காசு கொடுப்பதில்லை. ஆகவே நாம் வாடிக்கையாளர் அல்லோம். காசு கொடுப்பவர் விளம்பரக்காரர். அவருக்கு விற்கப்படும் பண்டம் நமது நேரம், நமது கவனம். நாம் எவ்வளவு நேரம் அங்கே கிடக்கிறோமோ அவ்வளவு வருவாய். சிந்திப்பவன் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவான், சினந்தவன் வைக்கமாட்டான். எனவே சிந்தனை அங்கே நட்டக்கணக்கு, சினம் இலாபக்கணக்கு!

இது நமது கற்பனையன்று. விருப்பக் குறி என்னும் கட்டைவிரலை முகநூல் 2009-இல் கொண்டுவந்தது. 2016-இல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும், எழுதிய நேரப்படி வந்துகொண்டிருந்தவற்றைக் கலைத்து, எது மேலே எது கீழே என்பதைத் தம் இயந்திரக் கணக்கின் கையில் ஒப்படைத்தன. 2017 முதல், சினங்காட்டும் முகக்குறி ஒன்றுக்கு விருப்பக் குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்பு அளித்தது முகநூல். அன்புக்குறி, சிரிப்புக்குறி போன்றவற்றுக்கும் அதே மதிப்புத்தான். சினத்தைத் தூண்டும் பதிவுகளில் பொய்ச் செய்தி மிகுந்திருப்பதை அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டு எச்சரித்தார்கள். சினக்குறியின் மதிப்பு சுழியாக்கப்பட்டது 2020-இல்! அந்த நிறுவனத்திலிருந்து வெளிவந்த ஆவணங்களைக் கொண்டு 2021-இல் செய்தித்தாள்கள் எழுதிய பின்னரே உலகம் இதனை அறிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை ஊர்களில் எத்தனை பொய்களுக்கு ஐந்து மடங்கு மதிப்புக் கிடைத்ததோ, யார் கண்டார்!

பட்டியலுக்கு முடிவே இல்லாமல் செய்த வித்தையையும் பாருங்கள். நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நாளிதழுக்குக் கடைசிப் பத்தி உண்டு. பந்திக்கும் மோர்ச் சோறு என்று ஒரு முடிவு உண்டு. இதற்கு இல்லை! இந்த முறையை 2006-இல் உருவாக்கியவர் அமெரிக்கரான ஏசா ராஸ்கின். பின்னாளில் அவரே, இதனைச் செய்தமைக்கு வருந்துவதாக வெளிப்படையாகக் கூறினார். ஆக்கியவர் வருந்துகிறார், ஆட்பட்ட நாம் வருந்தவேண்டாவா?

நமது வகுப்பில் ஒரு மாணவன், முதல்நாள் இரவு இரண்டு மணி நேரம் கைப்பேசி பார்த்ததாகச் சொன்னான். "பார்த்தவற்றுள் ஒன்றைச் சொல், தம்பி" என்றோம். யோசித்தான், நெடுநேரம் யோசித்தான், "ஒன்றும் நினைவில்லை, ஐயா" என்றான். அவனைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. அதே கேள்வியை அவன் நம்மிடம் திருப்பிக் கேட்டிருந்தால் நமது விடையும் அதுவாகத்தானே இருந்திருக்கும்?

"எல்லாம் சரி, வலைப்பதிவு மட்டும் வானத்திலிருந்து வந்ததோ? அதற்கும் முதலாளி உண்டல்லவா?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடையாக ஒரு வரலாறு உண்டு.

1999-இல் பிராட் பிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்க இளைஞர் 'லைவ்ஜர்னல்' என்னும் வலைப்பதிவுத் தளத்தைத் தொடங்கினார். நாட்குறிப்பைப்போல் எழுதலாம், நண்பர்கள் எழுதியதை நேர வரிசையில் படிக்கலாம், மறுமொழிக்கு மறுமொழி எழுதி வாதத்தை வளர்க்கலாம். உலகெங்கும் எழுத்தார்வம் கொண்டோர் அங்கே கூடினர். 2005-இல் அது 'சிக்ஸ் அபார்ட்' நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2007-இல் நூற்றுக்கணக்கான பதிவேடுகளை ஒரேயடியாக முடக்கினார்கள்; கொடுமைக்கு ஆளாகி மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறிக்கொண்ட இடமும் அதிலே அடிபட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டு, பலவற்றைத் திருப்பித் தந்தார்கள். அவ்வாண்டு இறுதியிலேயே ரஷ்ய நிறுவனம் ஒன்றுக்கு மீண்டும் கைமாறியது. 2016 இறுதியில் அதன் கணினிகள் ரஷ்யாவுக்குச் சென்றன. 2017 ஏப்ரலில், ரஷ்யச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்ளுமாறு எழுதுவோரிடம் கேட்கப்பட்டது. பல ஆண்டுகள் எழுதியவன் ஒருநாள் கண்விழித்துப் பார்த்தால், தன் எழுத்து வேறொரு நாட்டின் சட்டத்தின்கீழ்!

ஆனால், கதை அங்கே முடியவில்லை. லைவ்ஜர்னலில் பணியாற்றிய டெனிஸ் பாவ்லூச்சி, மார்க் ஸ்மித் ஆகிய இருவர் எழுந்தனர். அதன் நிரல் எவரும் எடுத்தாளும்படி திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதனை எடுத்து, 'டிரீம்விட்த்' என்னும் தளத்தை 2009-இல் மக்களுக்குத் திறந்தனர். விளம்பரம் இல்லை. விரும்புவோர் செலுத்தும் கட்டணத்தால் நடக்கிறது. செலுத்த இயலாதோரும் எழுதலாம். இன்றும் அங்கே எழுத்து நேர வரிசையில்தான் வருகிறது. யார் எதைப் படிக்கலாம் என்பதை எழுதியவரே முடிவு செய்கிறார். ஆரவாரமின்றி ஆண்டுகள் பலவாக நடந்து வருகிறது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? "பழையது வாழ்க" என்பதன்று. உடைமை யாருடையது, உலை எரிவது யார் காசில் என்று கேட்காமல் குடியேறாதே என்பதே பாடம். ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. மைஸ்பேஸ் தளம், 2015 வரை பன்னிரண்டு ஆண்டுகளாக மக்கள் ஏற்றிவைத்த இசையை இழந்துவிட்டதாக 2019-இல் அறிவித்தது. ட்விட்டரை 2022-இல் ஒரே செல்வர் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். மறு ஆண்டே பெயரையும் மாற்றினார். பெயரை மாற்றுமுன் அங்கே எழுதிவந்த கோடிக்கணக்கானவரில் யாரைக் கேட்டார்? வாடகைக்காரனைக் கேட்டுக்கொண்டா வீட்டை விற்பார்கள்?

"கூட்டம் அங்கேயல்லவா இருக்கிறது? மக்களை விட்டு மூலையில் போய் அமர்வதா தொண்டு?" என்று உணர்ச்சியுள்ள தோழர் கேட்பார். அவரது கேள்வியை நாம் எளிதாகத் தள்ளவில்லை. 2017 சனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரள்வதற்கு அந்த ஊடகங்கள் துணைநின்றன. நாளிதழ்கள் திரும்பிப் பாராத கொடுமைகள் பல அவற்றின் வழியே வெளிவந்தன. மறுப்பார் யார்? ஆனால் தோழரே, தண்டோரா தெருவில் போடுவதுதான். கூட்டம் மன்றத்தில் நடத்துவதல்லவா? தண்டோராக்காரன் கையிலேயே மன்றத்தின் சாவியையும் கொடுத்துவிட்டு, அவன் அடிக்கும் தாளத்துக்கேற்ப நாம் பேசுவதா? சந்தையிலே கூவி அழையுங்கள்: "இன்ன இடத்தில் எழுதியிருக்கிறோம், வந்து படியுங்கள்" என்று. அவ்வளவோடு நிறுத்துங்கள். வாதம், சான்று, மறுப்பு, திருத்தம் ஆகியவை நமது மன்றத்தில் நடக்கட்டும்.

குடிபெயருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் தளம் யார் காசில் நடக்கிறது? நாம் படிக்கும் வரிசையை யார் அமைக்கிறார்? எழுதியதனைத்தையும் ஒருசேர வெளியே எடுத்துக்கொள்ள வழியுண்டா? மூன்றுக்கும் நேரான விடை தரும் தளத்தில் எழுதுங்கள். அங்கும் கண்மூடி நம்பாதீர்கள். மாதந்தோறும் ஒரு படி எடுத்து வையுங்கள். 44 கட்டுரைகளைப் பறிகொடுத்தவர் சொல்லும் சொல் இது!

இன்னும் ஒன்று. தோழர் எழுதியதைப் படித்தால், "அருமை" என்று எழுதிவிட்டு ஓடாதீர்கள். எது சரி, ஏன் சரி. எது பிழை, ஏன் பிழை என்று நான்கு வரியாவது எழுதுங்கள். இரவில் கோபம் வந்தால் காலையில் எழுதுங்கள், கடை மூடிவிடாது. நம்மை மறுத்து எழுதுபவரைப் பகைவராகக் கொள்ளாதீர்கள். பாம்புக்குச் செவியுண்டு என்று நமக்குச் சொன்னவர், ஆயிரம் பாராட்டு செய்யாத நன்மையைச் செய்தார்.

படித்தவர் 11 பேர் என்றோம். இன்று அவர்கள் 63 பேர். சந்தையின் கணக்கில் இது வெட்கப்படவேண்டிய எண். ஆனால், 63 பேர் கூடி, ஒருவர் பேச மற்றவர் கேட்டு, மறுத்து, திருத்தி, மீண்டும் பேசும் கூட்டம் ஒன்று உங்கள் ஊரில் நடந்தால், அதனைச் சிறியதென்று சொல்வீர்களா?

ஏகலைவனுக்காகக் கண்ணீர் வடித்தது போதும், தோழர்களே! நமது கட்டைவிரல் இன்னும் நம்மிடமே இருக்கிறது. தள்ளிக்கொண்டே கிடப்பதற்கன்று அது, எழுதுகோலைப் பற்றுவதற்கு!