மகுல் மடுவவில் காணாமற்போன கூண்டு

மஹய்யாவவிலிருந்து கண்டி நகருக்கு இறங்கும் கட்டுகஸ்தோட்டை வீதியில் சென்ற வாரம் ஒரு காலை நடந்தேன். உடன் வந்தவர் மாநகர சபையில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலிருந்தே அந்தக் குடியிருப்பின் லயத்தில்தான் வாழ்க்கை. தலதா மாளிகையை அடுத்துள்ள மகுல் மடுவவைப் பார்ப்போம் என்றதும் சிரித்தார். "பெரஹரா முடிஞ்ச ராத்திரியில இந்தப் பக்கமெல்லாம் கூட்டிப் பெருக்கத்தான் வந்திருக்கோம் ஐயா, பாக்க வந்ததில்ல" என்றார்.

செதுக்கிய மரத்தூண்களும் ஓட்டுக்கூரையும் கொண்ட அந்த மண்டபத்தின் பணி 1783இல் இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் தொடங்கிற்று. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்குக் கையளித்த உடன்படிக்கை அங்கேதான் கைச்சாத்தானது. எங்கள் அருகே நின்ற வழிகாட்டியும் இந்த இரண்டையும் அழகாகவே சொன்னார். பிறகு 1998 ஜனவரி குண்டுவெடிப்புக்குத் தாவிவிட்டார். இடையில் கிடந்த காலத்தை அவர் தொடவேயில்லை. அந்தக் காலத்தில் மன்னர் நீதி சொன்ன அதே மண்டபத்தை ஆங்கிலேயர் நீதிமன்றமாக்கிக்கொண்டார்கள் என்ற செய்தி, கேட்டுக்கொண்டு நின்ற முப்பது பேரில் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.

1833இன் நீதிப் பட்டயம் தீவு முழுவதற்கும் ஒரே உயர் நீதிமன்றத்தை நிறுவியது. (தமிழக வாசகர்கள் குழம்ப வேண்டாம், இலங்கையில் உச்சநிலை நீதிமன்றத்தையே அப்படி அழைக்கிறோம்.) அதன் நீதிபதிகள் யாழ்ப்பாணம், காலி, கண்டி என்று சுற்றுவந்து கொலை, கொள்ளை, இராஜத்துரோக வழக்குகளை விசாரித்தனர். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வரும்வரை கடுகண்ணாவைக் கணவாய் வழியே குதிரை வண்டிப் பயணம்தான். நீதிபதி, சட்டத்தரணிகள், மொழிபெயர்ப்பாளர், எழுதுவினைஞர் எனப் பெரும் பரிவாரம். இந்தச் சுற்று அமர்வுகள் 1973இன் 44ஆம் இலக்கச் சட்டத்தால்தான் முடிவுக்கு வந்தன. இன்றைய மேல் நீதிமன்றங்கள் அவற்றின் வாரிசுகள்.

1848 கலவரத்தைப் பற்றிப் பேசாமல் கண்டியின் நீதியைப் பற்றிப் பேச முடியாது. புரன் அப்புவை இராணுவ நீதிமன்றம் அவசரமாக விசாரித்து ஓகஸ்ட் 8ஆம் திகதி போகம்பறையில் சுட்டுக் கொன்றது. பின்னர் பிடிபட்ட கொங்காலேகொட பண்டாவுக்கோ கண்டியில் உயர் நீதிமன்ற அமர்வில், பிரதம நீதியரசர் சேர் அந்தனி ஒலிபன்ற் முன்னிலையில் விசாரணை நடந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடு கடத்தலாகவும் குறைக்கப்பட்டது. ஒரே குற்றச்சாட்டு, ஒரே ஆண்டு. ஆனால் ஒருவருக்கு மண்ணும் மற்றவருக்குக் கப்பலும். சுற்று நீதிமன்றத்தின் பெருமை பேசுவோர் இந்த வேறுபாட்டைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். அதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் அந்த நீதியரசருக்கே நுவரெலியாவில் தோட்டம் இருந்தது. ஒலிபன்ற் தோட்டம் என்று இன்றும் அவர் பெயரையே சுமக்கிறது. தோட்டத்தில் உழைத்த கூலிக்கு ஜூரியும் சட்டத்தரணியும் கொண்ட இந்த மண்டபத்தில் இடம் இருந்ததா? கொலை செய்தால் இருந்தது. துரையைவிட்டு ஓடினால் இல்லை. 1865இன் 11ஆம் இலக்கச் சட்டப்படி, தகுந்த காரணமின்றி வேலையைவிட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். மூன்று மாதம்வரை. அது பொலிஸ் நீதிமன்ற வழக்கு, ஜூரி கிடையாது. கடனைக் குறித்துத் தரும் "துண்டு" இல்லாமல் அடுத்த தோட்டத்திலும் ஏற்கமாட்டார்கள். ஜூரர் பட்டியல் ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மூன்று மொழிகளிலும் இருந்தது மெய்யே. அந்தத் தமிழ்ப் பட்டியலில் ஏற சொத்தோ வருமானமோ வேண்டும். பெரட்டுக் களத்தில் நின்றவனுக்கு இரண்டும் ஏது? துண்டு முறையும் அந்தத் தண்டனைகளும் ஒழிய 1921 வரை, ஐம்பத்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் ஒருவர்.

வழிகாட்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மகுல் மடுவவுக்கு வரும் நம்மவர் என்ன செய்கிறோம்? கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, தூணருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அரியணையில் ஒரு கண்ணுசாமி இருந்தது பெருமையாக இருக்கிறது. கைவிலங்கோடு நின்ற நூறு கண்ணுசாமிகள் நமக்கு உறவில்லை. மாநாடுகளில் கண்டி நாயக்கர் பற்றிக் கட்டுரை படிப்பவர்கள், அரை மணி நேர நடையிலுள்ள மஹய்யாவவுக்கு ஒருமுறையேனும் ஏறியதுண்டா?

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கன் குதிரையில் சுற்றுப்போய் வழக்காடிய காலத்தின் சிறு நீதிமன்றங்கள் இரண்டை, மெடமோராவிலும் மவுண்ட் புலாஸ்கியிலும் பேணி வைத்திருக்கிறார்கள். 1847இல் அதே லிங்கன், மட்சன் என்ற அடிமை உரிமையாளருக்காக, விடுதலை கோரிய ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு எதிராக வாதாடித் தோற்றார். அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் அதை மறைக்கவில்லை. எழுதுகிறார்கள், விவாதிக்கிறார்கள். லிங்கனின் சிலை எதுவும் அதனால் சரியவில்லை.

கண்டி 1988இலிருந்து உலக மரபுரிமை நகரம். போகம்பறைச் சிறையும் 2014இல் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டதும் காலியாயிற்று. அதை என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு திட்டம் சொல்கிறார்கள். ஹோட்டல் என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஓடிப்போனதற்காகச் சிறை சென்றவர்களின் கதையை அங்கே ஒரு அறையிலாவது வைக்க வேண்டும் என்ற குரல் என் காதில் இதுவரை விழவில்லை.

பெரிய நினைவுமண்டபம் எதையும் கேட்கவில்லை. மகுல் மடுவவின் ஓரத்தில் ஒரு பலகை, சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும்: இந்த மண்டபத்தில் நீதிமன்றம் இருந்தது, இங்கே யார் வழக்காட முடிந்தது, யாரால் முடியவில்லை, 1865இல் என்ன சட்டம் வந்தது, 1921இல் எது நீங்கியது. சம்பந்தப்பட்டவர்களுக்கு இந்த வாரமே கடிதம் எழுதுகிறேன். கண்டியில் படித்து இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் வாசகர்கள் ஆளுக்கொரு கடிதம் எழுதினால் என்ன?