தாயம் விழாதவர்கள்

மயிலாடும்பாறை காலனியில் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எட்டுப் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு நடத்துகிறேன். ராஜா மந்திரி ஆட்டம் மாதிரி மடிச்ச சீட்டு. கூட ஒரு சோடித் தாயக்கட்டை. நிருபர், கலெக்டர், இன்ஸ்பெக்டர், டாக்டர், எஸ்டேட் தொழிலாளி என்று சீட்டில் இருக்கும். வந்த சீட்டுக்கு ஏத்த ஆளாக உட்கார்ந்து பேசணும். 1974-ல் அமெரிக்காவில் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதே வகைதான், அதில் பூதத்தோடு சண்டை. நமக்குப் பூதம் எதுக்கு? தாமிரபரணி இருக்கிறது.

1999 ஜூலை 23. சிறையிலிருந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடச் சொல்லி நெல்லை கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலம். தடியடி. ஒரு கைக்குழந்தையோடு சேர்த்து 17 உயிர் போனது.

நிருபர் சீட்டு வந்தவர் அரைமணி நேரத்தில் செய்தி எழுதணும். அதிகாரியைக் கேட்கக் கட்டை உருட்ட வேண்டாம், அறிக்கை கைக்கே வரும். தொழிலாளியைக் கேட்கணும்னா தாயம் விழணும். முதல் ஆட்டத்தில் விழவே இல்லை. எட்டாவது படிக்கிற பையன் எழுதினான்: 'ஆற்றில் மூழ்கி 17 பேர் பலி.' பொய் சொல்லணும்னு அவன் நினைக்கவில்லை தோழர்களே. நேரம் முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். நம் ஊர்ச் சம்பவமெல்லாம் 'இருதரப்பு மோதல்' என்று அச்சாவது இப்படித்தான். கெட்ட நிருபர் ஒருவர் வேணும்னுகூட இல்லை, ஆட்டவிதியே போதும்.

அடுத்த ஆட்டத்துக்குக் காகிதம் கொடுத்தேன். நீதிபதி மோகன் கமிஷன் 11 பேர் மூழ்கியும் 6 பேர் காயத்தாலும் இறந்ததாகச் சொன்னது. டாக்டர் சீட்டு வைத்திருந்த பிள்ளை கேட்டாள்: "மூழ்குனாங்க சரிண்ணே, தண்ணிக்குள்ள எதுக்கு எறங்குனாங்க?" அதற்குப் பிறகுதான் ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினேன். கேள்வி வந்த பிறகு காட்டினால்தான் படம் சாட்சியாகும், இல்லைன்னா அழுதுட்டு எழுந்து போயிடுவோம்.

சாவை விளையாட்டாக்குவதா என்று ஒரு தோழர் கோபப்பட்டார். நியாயமான கோபம். இறந்தவருக்கு எங்களிடம் சீட்டு கிடையாது. ஆனால் செல்போனில் வருவதையெல்லாம் நம்பும் பிள்ளையை 'நம்பாதே' என்று அதட்டினால் அது எதையுமே நம்பாது, நம் சாட்சியையும் சேர்த்து. நான் பேங்க் கிளார்க். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் நகர்த்த மாட்டேன். செய்திக்கும் வவுச்சர் கேட்கத் தெரியணும்: யார் சொன்னது, யாரைக் கேட்கலை, எந்த ஆபீசில் காகிதம் இருக்கு. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுவதும் இப்போது ஆட்டத்தில் ஒரு கட்டம். பதிலுக்கு 30 நாள். அதுவரை அந்தக் காய் நகராது.

போன வாரம் அதே பிள்ளைக்கு இன்ஸ்பெக்டர் சீட்டு வந்தது. "எனக்கு வேணாம்"னு கீழே போட்டாள். மாத்தக் கூடாதுன்னேன். இன்னும் என்னோடு பேசவில்லை.