நெஞ்சில் கேட்கும் இசை



பிள்ளைகள் கேட்கும் பாட்டிலிருந்து 'தும்' என்ற அதிர்வு நெஞ்சில் வந்து மோதும்போது, எங்களில் பலருக்கு ஷெல் விழுந்த நாட்கள் நினைவுக்கு வரும். அந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று அறிந்துகொள்வோம்.

'டப்ஸ்ரெப்' 2000ஆம் ஆண்டளவில் தென் இலண்டனில் குறொய்டன் பகுதியில் உருவான இசை. 'பிக் அப்பிள்' என்ற இசைத்தட்டுக் கடையில் கூடிய இளைஞர்கள் வீட்டுக் கணினியிலேயே இதனை ஆக்கினார்கள். இதன் வேர்களில் ஒன்று ஜமெய்க்காவின் 'டப்' இசை. 2006இல் மேரி ஆன் ஹொப்ஸ் என்ற பெண் அறிவிப்பாளர் பி.பி.சி. வானொலியில் இதற்கென நிகழ்ச்சி நடத்திய பின் இது பரவலாக அறியப்பட்டது.

நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 தாளம். ஆனாலும் முக்கிய அடி இடைவெளி விட்டு விழுவதால் மெதுவாகவே தோன்றும். பாட்டுவரிகள் குறைவு, அடிநாதம்தான் பேசும். சிறிய கைத்தொலைபேசியில் அது சரியாகக் கேட்காது. பெரிய ஒலிபெருக்கியிலோ உடம்பே அதனை உணரும்.

முதன்முதலாகக் கேட்பவர்கள் பகலில், சத்தத்தைக் குறைத்து, பிள்ளையோடு இருந்து கேளுங்கள். மனம் பதறினால் நிறுத்திவிடுங்கள், அதில் வெட்கமில்லை. அன்று ஷெல் சத்தத்தை எங்களால் நிறுத்த முடியவில்லை. இதை நிறுத்தும் பொத்தான் எங்கள் கையில் இருக்கிறது.