எலியின் இயல்பும் கூண்டின் அளவும்

ஆய்வகத்தில் வளரும் எலிகளின் இனச்சேர்க்கையில் ஆண் துரத்தும், பெண் அசையாமல் நின்று இணங்கும். நெடுங்காலம் இதுவே ‘இயல்பு’ என்று கருதப்பட்டது. ஆனால் அந்த எலிகளை எங்கே வைத்துக் கவனித்தார்கள்? பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, விலகி ஓட இடமில்லாத சிறிய கூண்டில்!

1970களில் அமெரிக்க ஆய்வாளர் மார்த்தா மெக்லின்டாக், எலிகளைக் கூட்டமாக விசாலமான இடத்தில் விட்டுக் கவனித்தார். அங்கே பெண் எலி தானாகவே ஆணை நெருங்கியது. சட்டென்று திரும்பித் துள்ளி ஓடியது. காதுகளைப் படபடவென அசைத்தது. ஆண் பின்தொடர்ந்தது. எப்போது நெருங்குவது, எவ்வளவு நேரம் விலகியிருப்பது என்பதைப் பெரும்பாலும் பெண்ணே முடிவு செய்தது. அந்த இடைவெளிக்குப் பயனும் உண்டு. கருவைத் தாங்கத் தேவையான ஹார்மோன் மாற்றங்கள் பெண்ணின் உடலில் ஏற்பட அது உதவுகிறது.

காட்டு எலிகளிடம் மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்த எலிகளிடமும் இந்தப் பழக்கம் இருந்தது. அதை வெளிக்காட்டத்தான் இடம் இல்லை.

சிறிய கூண்டில் கண்டது பொய்யில்லை. அதை எல்லா எலிகளின் இயல்பு என்று சொன்னதுதான் பிழை. ‘ஆண் முந்தும், பெண் பணியும்’ என்ற மனிதர்களின் பழைய எண்ணத்தோடு அது ஒத்துப்போனதால், கேள்வி கேட்கவும் தாமதமாகியிருக்கலாம் என்பது என் கருத்து.

மாணவர்களே, ஒரு விலங்கின் இயல்பைப் பற்றிப் படிக்கும்போது, “எங்கே, எந்தச் சூழலில் பார்த்தார்கள்?” என்று கேளுங்கள். உங்கள் அறிவியல் செயல்திட்டத்திலும் அந்த விவரத்தை மறக்காமல் எழுதுங்கள்.