பழைய துவக்குக்குப் புதிய தோட்டா

தோட்டத்துப் பங்களா ஒன்றின் சுவரில் நெடுங்காலமாகத் தொங்கும் துவக்கு ஒன்றைப் பற்றி, நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் வினவினார். "ஐயா, அது விக்டோறியா மகாராணி காலத்து மார்ட்டினி ஹென்றி றைபிளாம். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் இடலாம். அதற்குரிய தோட்டாவோ இப்பொழுது கடைகளில் இல்லை. இக்காலத்துத் தோட்டா ஒன்றுக்கு ஏற்றபடி அதன் அறையைக் குடைந்துகொள்ள முடியுமா?" என்பது வினா. பாடத்துக்குப் புறம்பான வினாக்களே பெரும்பாலும் நல்ல வினாக்களாக அமைந்துவிடுகின்றன. சரித்திரமும் பௌதிகமும் இதிற் கலந்திருப்பதால், இவ்வாரம் இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

நம் ஊவாப் பகுதிக்கு வேட்டைத் துவக்கு புதியதன்று. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பேர்பெற்றவர். 1845-ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் பதுளையில் உள்ளது. அவ்வளவு உயிர்களைக் கொன்றதைப் பெருமையென்று பேசிய காலம் அது. நமக்கு அதிற் பெருமையொன்றும் தோன்றவில்லை. நுவரெலியாவிற் குடியிருந்த சாமுவேல் பேக்கரிடம் 1840-இற் செய்யப்பட்ட ஒற்றைக் குழல் றைபிள் ஒன்று இருந்தது. அதன் எடை 21 இறாத்தல். ஒரு வெடிக்கு 16 திராம், அதாவது ஓர் அவுன்ஸ், மருந்து. இவையெல்லாம் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டு இடிக்கும் துவக்குகள். அவற்றுக்குத் தோட்டா அறை என்பதே கிடையாது. குழலுக்கு அளவான ஈயக் குண்டை வார்த்துக்கொண்டாற் போதும்.

குழலின் பின்புறத்திலே தோட்டாவை இடும் முறை வந்தபின்னரே, எந்தத் துவக்குக்கு எந்தத் தோட்டா என்ற கேள்வி பிறந்தது. பழையதை வீசிவிடாமற் புதியதற்கு ஏற்ப மாற்றும் சிக்கனமும் அப்பொழுதே தொடங்கிற்று. 1853-ஆம் ஆண்டின் என்பீல்ட் துவக்கை வாசகர்கள் அறிவார்கள். அதன் காகிதத் தோட்டாவிற் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்ற செய்தியன்றோ 1857-இல் இந்தியச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தது! அதே துவக்கின் பின்புறத்தை வெட்டி, கீலுடைய அடைப்பொன்றைப் பொருத்தி, 1866-இல் பிரித்தானியர் அதனைப் பின்வழித் துவக்காக மாற்றினர். ஸ்னைடர் என்னும் அமெரிக்கரின் யோசனை அது.

அடுத்து 1871-இல் வந்தது மார்ட்டினி ஹென்றி. கீழேயுள்ள நெம்புகோலைத் தாழ்த்தினால் அடைப்புக் கட்டையின் முன்முனை தாழும். தோட்டாவை இட்டு நெம்புகோலை உயர்த்தினால் அறை அடைபடும். குழலின் விட்டம் 0.45 அங்குலம். இதற்கு முதலிற் கருதப்பட்டது நீண்டு நேரான தோட்டா. அது மிக நீளமாயிருந்தமையால், ஸ்னைடரின் 0.577 அங்குலத் தோட்டாவின் பருமனை அடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைக் குப்பிபோற் சுருக்கினர். 577/450 என்ற பெயர் அவ்வாறு வந்ததே. உள்ளே 85 கிறேன் கறுப்பு வெடிமருந்து. முன்னே 480 கிறேன் எடையுள்ள ஈயச் சன்னம். ஆக, நம் மாணவர் காணும் துவக்கின் தோட்டாவே ஒரு சமரசத்தின் பயன்.

1888-இற் பிரித்தானியப் படை 0.303 அங்குல விட்டத்துக்கு மாறிற்று. அப்பொழுதும் பழைய மார்ட்டினிகளை வீணாக்க மனம் வரவில்லை. அவற்றை 0.303 தோட்டாவுக்கு மாற்றினர். எவ்வாறு மாற்றினர் என்பதே நம் மாணவர் கவனிக்க வேண்டிய இடம். பழைய குழலைக் கழற்றி எறிந்துவிட்டு, முழுவதும் புதிய குழலைப் பூட்டினர். வெற்றுத் தோட்டாவை இழுக்கும் உறுப்பையும் மாற்றினர். அறையை மட்டும் குடைந்து அவர்கள் காரியத்தை முடிக்கவில்லை. புகையற்ற மருந்தின் வெம்மையில் மெற்போர்ட் குழலின் ஆழமற்ற புரிகள் விரைவிலே தேய்ந்தன. எனவே 1895 முதல் ஆழமான புரியுடைய என்பீல்ட் குழல்களைப் பூட்ட நேர்ந்தது.

குடைவது ஏன் போதாது? கொல்லன் உளியாற் பொருளைக் கழிக்கலாம். கழிந்ததை மீண்டும் கூட்ட முடியாது. மார்ட்டினித் தோட்டாவின் அடி விட்டம் ஏறத்தாழ 0.668 அங்குலம். 0.303 தோட்டாவின் அடி விட்டமோ 0.46 அங்குலம். பெரிய துளையைக் குடைந்து சிறிய துளையாக்குவது எங்ஙனம்? ஒன்று, அறைக்குள்ளே உருக்குக் குழாயொன்றைச் செருகி அதிற் புதிய அறையைக் கடைய வேண்டும். அன்றேல், குழலையே மாற்ற வேண்டும். முன்னது செய்தாலும் குழலின் 0.45 அங்குலம் அப்படியேதான் இருக்கும். அமெரிக்கரின் 45-70 தோட்டா இதற்குப் பொருந்தும் என்பாருளர். அதன் சன்னம் 0.458 அங்குலம், மார்ட்டினிக் குழலின் புரிப்பள்ளம் அதனினும் அகன்றது. சன்னம் புரியைச் சரியாகப் பற்றாது, குறி தவறும்.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடைப்புக் கட்டையைப் பின்னோக்கித் தள்ளும் விசை, அழுத்தத்தையும் தோட்டாவின் அடிப்பரப்பையும் பெருக்கி வருவது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.46-ஐ 0.668-ஆல் வகுத்து வர்க்கித்தால் 0.47 வரும். ஆகவே சிறிய தோட்டாவின் அழுத்தம் இரு மடங்காயினும், கட்டையின் மீது விழும் விசை ஏறக்குறையப் பழைய அளவே. பழைய கட்டை புதிய தோட்டாவைத் தாங்கியதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று. ஆயின் இதைத் திருப்பிப் பாருங்கள்: பழைய பெருந்தோட்டாவுக்குள்ளே, கறுப்பு மருந்து நிரம்பும் அதே அளவுக்குப் புகையற்ற மருந்தைக் கொட்டினால் என்னாகும்? பரப்பும் பெரிது, அழுத்தமும் பெரிது. கறுப்பு மருந்துக்கென்று செய்த குழல் அதனைத் தாங்காது. சிதறும் உருக்கு, சுடுபவனுடைய முகத்துக்கு ஒரு சாணுக்குள் இருக்கிறது.

தோட்டாவைத் தேர்வதில் அரசாங்கங்களின் கையும் உண்டு. 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் 0.450 அங்குலத் துவக்குகள் தடைசெய்யப்பட்டன. அவற்றின் சன்னங்கள் கிளர்ச்சிக்காரர் கையிலுள்ள மார்ட்டினிகளுக்குப் பயன்படும் என்ற அச்சமே காரணம். உடனே இங்கிலாந்தின் துவக்குச் செய்வோர் 0.465, 0.470, 0.475 என்று அடுத்தடுத்த அளவுகளை உண்டாக்கினர். எகிப்தியப் பொலிசாருக்காகக் கிறீனர் கம்பெனியார் செய்த மார்ட்டினித் துவக்குக்கோ வேண்டுமென்றே வேறெங்கும் கிடையாத தோட்டாவை வகுத்தனர். திருடனுக்குத் துவக்கு கிடைத்தாலும் தோட்டா கிடையாது!

இனி நம் ஊருக்கு வருவோம். 1916-ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். அஃது ஒருபுறமிருக்க, பழைய துவக்கைச் சீர்செய்யும் ஆசை பெரும்பாலும் காட்டுப்பன்றியால் வருவது. லயத்துக்குப் பின்னால் இட்ட மரக்கறித் தோட்டத்தை ஓரிரவிற் கிளறிவிட்டுப் போகும் பன்றியின்மேல் எவருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அக்கோபம் இடியன் துவக்கிலும் கட்டுத் துவக்கிலும் போய் முடிகின்றது. பன்றிக்கென்று பாதையிற் கட்டிய துவக்கு, விறகு பொறுக்கச் சென்ற மனிதரின் காலைச் சிதைத்ததை ஊவா மாகாணத்து வைத்தியசாலைகள் கண்டுள்ளன. குழாயை வெட்டித் துவக்காக்கும் கை, மார்ட்டினியின் அறையையும் துணிந்து குடைந்துவிடும். நாம் அஞ்சுவது அந்தக் கையையே.

எனவே, அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கானால் அதனைக் குடையாமல் வைத்திருப்பதே நம் கருத்து. சுட்டே தீர வேண்டுமென்பார், மேனாடுகளிற் செய்வதுபோல 24-ஆம் இலக்கப் பித்தளை வெற்றுத் தோட்டாவைச் சுருக்கிப் பழைய தோட்டாவையே செய்வித்துக் கறுப்பு மருந்திற் சுடட்டும். அதற்கு முன் தேர்ந்த கம்மியர் ஒருவர் அறையின் அச்சை எடுத்து அளக்க வேண்டும். பழைய கம்மியர் இதற்குக் கந்தகத்தைப் பயன்படுத்தினர். அஃது ஏறத்தாழ 115 பாகையில் உருகும். ஆறியதும் அச்சாக வெளிவரும்.

அச்செடுப்பதற்கும் முன்னே துவக்கின் வலப்புறத்தைப் பார்ப்பது நலம். கிரீடமும், 'வீ. ஆர்.' என்ற எழுத்துக்களும், செய்த இடமும் ஆண்டும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். கைபர் கணவாய்ப் பக்கத்துக் கொல்லர்கள் இத்துவக்கைக் கண்டு கண்டு போலிகள் செய்தனர். ஆங்கிலம் அறியாத அவர்கள் என்பீல்ட் என்னும் சொல்லிற் சில எழுத்துக்களைத் தலைகீழாகப் பொறித்ததுண்டு. அவ்வாறு தலைகீழான எழுத்துள்ள துவக்காயின், தோட்டாவைப் பற்றிய ஆராய்ச்சியே வேண்டுவதில்லை; அது சுவரிலேயே தொங்கட்டும்.