கண்ணாடிக்கு ஒரு போர்வை

தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அங்குள்ள மந்திரசாலையை மறந்திருக்க மாட்டீர்கள். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே காலை வைத்ததும் ஜில்லென்று இருக்கும். மரச் சட்டங்களில் வர்ணம் வர்ணமாகக் காக்காய்ப்பொன் தகடுகளைப் பதித்து ஜன்னல் செய்திருக்கிறார்கள். வெளிச்சம் வடிகட்டினாற்போல் வருகிறது. வெப்பமும் புழுதியும் வாசலோடு நின்றுவிடுகின்றன. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. ஆனால் இந்த அறையின் குளுமை எங்கும் போகவில்லை!

அந்த யோசனையின் இந்தக் காலத்துப் பேரன்தான், கடைகளில் 'சன் கன்ட்ரோல் ஃபிலிம்' என்று விற்கிறார்களே, அது. கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டும் மெல்லிய பாலியெஸ்டர் தாள். நாகர்கோவிலில் ஓட்டு வீடுகள் போய்ப் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்களோடு மாடி வீடுகள் வந்துவிட்டன. ஆகையால், வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது.

கடைக்காரர், "99 சதவிகிதம் தடுக்கும், அம்மா" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் எதை என்று கேளுங்கள். பெரும்பாலும் அது புற ஊதாக் கதிர்களின் கணக்கு. திரைச்சீலையும் சோபாத் துணியும் வெளுக்காமல் இருக்க அது உதவும். ஆனால் வெயிலின் சக்தியில் அந்தக் கதிர்களின் பங்கு மிகச் சொற்பம். ஏறக்குறையப் பாதி அகச்சிவப்புக் கதிர்கள், மற்றது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். ஆகவே, "மொத்த வெப்பத்தில் எவ்வளவு தடுக்கும்? வெளிச்சம் எவ்வளவு உள்ளே வரும்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அறை இருண்டு போய்ப் பகலிலேயே விளக்குப் போட்டால், மிச்சம் பிடித்த மின்சாரம் எங்கே போயிற்று?

எல்லா ஜன்னலுக்கும் ஒட்ட வேண்டியதில்லை. நாஞ்சில் நாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 8 பாகையில் இருக்கிறது. உச்சி வெயில் தலைக்கு மேலே நிற்கும். அதைக் கூரை தாங்கிக்கொள்ளும். சாய்ந்து உள்ளே நுழைவது காலையில் கிழக்கு வெயில், மாலையில் மேற்கு வெயில். ஏற்கெனவே பகலெல்லாம் சூடேறிய வீட்டில் மேற்கு வெயில்தான் அதிகத் தொல்லை. அங்கே முதலில் ஒட்டுங்கள்.

கண்ணாடிபோல் பளபளக்கும் ரகத்தை ஒட்டினால் பகலில் தெருவிலிருந்து உள்ளே தெரியாது. ஆனால், சகோதரிகளே, இரவில் விளக்கைப் போட்டதும் கதை தலைகீழ்! வெளியே இருப்பவருக்கு எல்லாம் தெரியும். திரைச்சீலையைக் கழற்றிவிடாதீர்கள்.

2017 நவம்பர் 30-ல் வீசிய ஒக்கிப் புயலைக் கன்னியாகுமரி மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். அத்தகைய காற்றில் கண்ணாடி உடைந்தால் சில்லுகள் பறக்கும். சற்றுக் கனமான பாதுகாப்பு ரகம் கண்ணாடி உடைவதைத் தடுக்காது. சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதுவே பெரிய லாபம்.

ஒட்டிய சில நாட்கள் மங்கலாகவோ நீர்க்குமிழாகவோ தெரிந்தால் பயப்படாதீர்கள். ஒட்டும்போது தெளித்த நீர் மெதுவாக உலரும். காய்ந்த பின்பு, அமோனியா கலந்த திரவம் வேண்டாம். சோப்பு நீரும் மெல்லிய துணியும் போதும். சில வகைக் கண்ணாடிகள், கருமையான ஃபிலிம் ஒட்டினால் சூடேறி விரிசல் விடும். உங்கள் கண்ணாடிக்கு ஏற்றதா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. வெயிலைக் கண்ணாடிக்கு வருமுன் வெளியிலேயே மறிப்பதுதான் உத்தமம். ஒரு மூங்கில் தட்டி, ஒரு தாழ்வாரம், ஜன்னலோரம் ஒரு மரம் இருந்தால் ஃபிலிமுக்கு வேலை குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று வரும் மாதங்களிலோ, கதவைத் திறந்து வையுங்கள். காசு கேட்காமல் வரும் விருந்தாளியை வெளியே நிறுத்தலாமா?